இரு மழைக்கும் கூரையைக் காப்போம்

வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து வந்து குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் குடியேறிய நம்மவர்களில் பலர், வீடு கட்டும்போது நம் ஊர் மொட்டை மாடியையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். வற்றல் காய வைக்கவும், வெக்கை நாளில் காற்று வாங்கவும் அதைப்போல வசதி வேறில்லை. ஆனால் தூத்துக்குடியின் மழை வேறு, இந்த மண்ணின் மழை வேறு. திருவனந்தபுரத்தில் ஓராண்டில் பெய்வது சுமார் 180 செ.மீ.; தமிழ்நாட்டின் சராசரியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதுவும் இரண்டு பருவமாக வருகிறது: ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். இந்த இரு மழைக்கும் நம் கூரை தாங்க வேண்டுமானால் சில விஷயங்களை நாம் அறிந்திருக்க வேண்டும்.

தண்ணீரின் எடை

கனடாவிலும் நார்வேயிலும் உள்ள பிள்ளைகள், கூரையில் விழுந்த பனியை அள்ளித் தள்ளியதாகத் தொலைபேசியில் சொல்வார்கள். பனியின் பாரத்தில் கூரை இறங்கிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. நம் கூரைக்கும் அப்படி ஒரு பாரம் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர், அதாவது 1 கிலோ. வடிகுழாயில் இலை அடைத்து மாடியில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. புதிதாக விழுந்த பனி இந்த எடைக்கு வர ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் குவிய வேண்டும்! 100 சதுர மீட்டர் மாடியில் இப்படி நிற்பது 10 டன்.

ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ, ஏறாத தளத்துக்கு 75 கிலோ எனச் சுமை கணக்கிடும்படி இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 கூறுகிறது. ஆகவே ஏறாத தளமாகக் கட்டிய பின்கட்டுக் கூரையில் 10 செ.மீ. தண்ணீர் நின்றாலே கணக்கு மீறிவிடுகிறது. கைப்பிடிச் சுவர் சுற்றிலும் இருந்து, வடிகுழாயும் அடைத்துக்கொண்டால், நாம் படுத்துறங்கும் அறைக்கு மேலே ஒரு நீர்த்தொட்டி கட்டியதாகத்தான் பொருள்.

வாட்டமும் குழாயும்

மாடித் தளம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது வாட்டம் கொடுத்திருக்க வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்கு 3 செ.மீ. இறக்கம். ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்புக்கு 100 மி.மீ. குழாய் ஒன்று என்பது நல்ல கணக்கு. சின்ன மாடியானாலும் குழாய் இரண்டாக இருக்கட்டும்; ஒன்று அடைத்தால் மற்றது வடிக்கும். தென்னையும் பலாவும் சூழ்ந்த இந்த ஊரில் இலை விழாத நாளில்லை. குழாய் வாயில் கம்பி வலை வையுங்கள். கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில், உபரிநீர்த் துளை ஒன்று விடச் சொல்லுங்கள். அதில் தண்ணீர் கொட்டினால், குழாய் அடைத்திருக்கிறது என்று கீழே நிற்பவருக்கும் தெரிந்துவிடும்.

ரயில்வேயில் மழைக்காலத்துக்கு முன்பே பாதையின் பக்க ஓடைகளைத் தூர்வாரி முடித்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. நான் பணியில் கற்ற முதல் பாடம் அதுதான். அப்படியிருந்தும் 2021 நவம்பர்ப் பெருமழையில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றுபோயின. வழி கிடைக்காத தண்ணீர் தானே வழி உண்டாக்கிக்கொள்ளும். வீட்டுக் கூரைக்கும் இது பொருந்தும்.

கசிவும் துருவும்

தளத்தின் வெடிப்பில் இறங்கும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உப்பி, அடிப்பக்கக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. பூவாறு, பொழியூர்க் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

உட்கூரையில் பழுப்புக் கறை, கம்பியின் போக்கிலேயே ஓடும் வெடிப்பு, தட்டினால் பொள்ளல் சத்தம் – இவை எச்சரிக்கைகள். அதன் அடியில் கட்டிலையோ தொட்டிலையோ போடாதீர்கள். மேலே சிமெண்டு பூசி மறைப்பதால் பயனில்லை. தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே புதுப்பூச்சு. பல இடங்களில் கம்பி தெரிந்தால் பொறியாளரை அழையுங்கள்.

ஒழுகும்போதெல்லாம் மேலே இன்னொரு அடுக்குக் கான்கிரீட் போடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. 5 செ.மீ. கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு 120 கிலோ. தண்ணீராவது வடிந்து போகும். இந்தச் சுமை என்றைக்கும் இறங்காது. பழைய அடுக்கைப் பெயர்த்தெடுத்த பிறகே புதிது போட வேண்டும்.

ஓடும் தகரமும்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அதன் சரிந்த கூரைகளைக் கவனித்திருப்பார்கள். இந்த மண்ணின் மழையை அறிந்தவர்கள் கட்டியது அது. ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டு ஓட்டின் இடைவெளியை அடைத்து, பட்டியல்களில் கரையான் உண்டா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

மிச்சப் பாதி காற்றுக்கு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கரையோரம் செய்த நாசத்தை மறக்க முடியாது. காற்று கூரையை அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே அதிகம். ஓரமும் மூலையும்தான் முதலில் பறக்கும். ஆகவே இறவாரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் கம்பியால் கட்டுங்கள். மொட்டை மாடிக்கு மேல் தகரக் கூரை போடுவது நல்ல வழி. ஆனால் அதன் கால்கள் வீட்டின் கான்கிரீட் தூண் அல்லது உத்திரத்தோடு பிணைந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்ச் செங்கல்லில் நட்ட கால் காற்றில் சுவரையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

ஏறுமுன் ஒரு சொல்

பாசி படிந்த ஈர ஓட்டில் ஏறாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் கால் வைக்கவே கூடாது. மின்கம்பி அருகே இரும்பு ஏணி வேண்டாம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வசிக்கும் பெரியவர்கள் கூலிக்கு ஆள் வைத்தே இதைச் செய்யுங்கள். ஒரு நாள் கூலி, ஒரு எலும்பு முறிவைவிட மலிவு.

எப்போது செய்வது?

சித்திரையில் ஒரு முறை, இடவப்பாதிக்கு முன்: ஓடு மாற்றுதல், வெடிப்பு அடைத்தல், வாட்டம் சரிபார்த்தல். வெயில் காய்ந்த தளத்தில்தான் பூச்சு பிடிக்கும்.

புரட்டாசியில் ஒரு முறை, துலாவர்ஷத்துக்கு முன்: இலை அள்ளுதல், குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தல், ஓரக் கட்டுகளை இறுக்குதல்.

நடுவில், பெருமழை விட்ட மறுநாள் மாடிக்குப் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். அடுத்த சித்திரையில் கொத்தனார் வரும்போது அவருக்குக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.