வால்வு ஆம்ப் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிட்டாருக்கு வால்வு ஆம்ப் வாங்க ஆசை, விலையோ ஏறிக்கொண்டே போகிறது, தவணையில் இப்போதே எடுத்துவிடட்டுமா என்று மண்ணூரிலிருந்து எழுதியிருக்கிறாய். ஏன் ஏறுகிறது என்பதை முதலில் சொல்கிறேன். பாதி விடை நீ தினமும் நிற்கிற ஆலை லைனிலேயே இருக்கிறது.

அங்கே சர்க்யூட் போர்டில் மணிக்கு ஆயிரக்கணக்கான பாகங்களை இயந்திரமே வைத்துவிடுகிறது. வால்வு, அதாவது ஆம்புக்குள் இருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய், அந்த வேகத்துக்கு வராது. தலைமுடியை விட மெல்லிய கம்பியைச் சீராகச் சுற்றிக் கிரிட் செய்யவேண்டும். கேத்தோடுக்குப் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கலந்த பூச்சு வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைப் பிடிக்க உள்ளேயே பேரியத்தை ஆவியாக்குவார்கள். உச்சியில் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு அதுதான். அது பால்போல வெளுத்துப்போனால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது.

டிரான்சிஸ்டர் வந்தபின் இந்த வேலை தெரிந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நம்மிடமும் ஒன்று இருந்தது. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், வானொலிப் பெட்டிகளுக்கு வால்வு செய்தது. அந்தப் பழைய 'பெல்' வால்வுகளை இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தை நாம் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை. கைகள் இருந்தால் ஆலை திரும்ப வரும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014இல் மூடியது. பிறகு அதே இடத்துக்கு சால்காம்ப் நிறுவனம் வந்தது. வேலை தெரிந்த கைகள் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தன. வால்வுக்கு அந்தக் கைகளே இல்லை.

பெரிய அளவில் வால்வு செய்ய மிஞ்சியவை முக்கியமாக ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சராத்தவ் ஆலை, சீனாவில் சில. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் உலகம் முழுக்க வால்வுக்குத் தட்டுப்பாடு, விலையேற்றம். நமக்கு ரூபாயின் சரிவும் சேர்கிறது. 2010இல் டாலர் சுமார் 45 ரூபாய், 2024இல் 83க்கு மேல். ஆயிரம் டாலர் ஆம்ப் அங்கே விலை மாறாமலே இருந்தாலும், வரிக்கு முன்பே இங்கே 38,000 ரூபாய் கூடிவிடும்.

இறக்குமதி விலைக்குத் திகைத்தவர்கள் நாம் மட்டும் அல்ல. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் யானை விலை. அங்கே ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் இருந்தவர்கள் ஃபெண்டர் பாஸ்மேனைப் பிரித்துப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களால் 1962இல் ஒன்றைக் கட்டினார்கள். பாகம் மாறியதால் ஒலியும் மாறியது. மார்ஷல் ஒலி பிறந்தது அப்படித்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். இப்போது வாங்காதே. வால்வின் இனிமை பெரும்பாலும் அதைச் சத்தமாக விரட்டும்போதுதான் வரும். நாலு பேர் ஷிஃப்ட் மாற்றித் தூங்கும் அறையில் 15 வாட் வால்வு ஆம்பைப் பாதிகூடத் திருப்ப முடியாது. ஹெட்போன் போடுகிற சின்ன டிஜிட்டல் ஆம்ப் இப்போதைக்குப் போதும். தவணைக்குப் போகும் பணத்தில் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வாங்கு.

ஒன்றை மட்டும் மறக்காதே. பழைய வால்வுப் பெட்டி எதையும் தனியாகத் திறக்காதே. உள்ளே 300, 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளையே கொல்லும். அதை இறக்கும் விதத்தை நான் பக்கத்தில் நின்று காட்டுகிறேன்.

இந்த ஞாயிறு ஷிஃப்ட் இல்லையென்றால் வா. மைக்செட்டிலிருந்து கழற்றிய வால்வு ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளிப் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்