லைன் வீட்டுச் சண்டை வாசல் தாண்டாமலிருக்க

திருப்பூர் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுவர். இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்முவார்கள். சண்டையும் அப்படித்தான் போய்ச் சேரும். குடித்தனக்காரர்களுக்குச் சில குறிப்புகள்:

1. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கணக்குப் பேச வேண்டாம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தவரிடம் வாடகை, சீட்டு, குழுக் கடன் என்று அடுக்கினால் குரல் உயரத்தான் செய்யும். ஞாயிறு காலை, கறி எடுக்கப் போகுமுன் இருவரும் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள்.

2. சண்டையின்போது டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டார் காதைத் தீட்டுகிறார்கள்.

3. மனசு கனத்தால் ஒருவரிடம் கொட்டத்தான் வேண்டும். அவர் பனியன் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரராக இருக்க வேண்டாம். காலையில் பவர் டேபிளில் சொன்னது டீ நேரத்துக்குள் செக்கிங், அயர்ன், பேக்கிங் வரை போய்விடும். ஊரிலிருக்கும் அமுச்சியோ அக்காவோ, உங்களையும் சேர்த்துத் திட்டக்கூடிய ஒருவர் போதும்.

4. கோபத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேண்டாம். 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் மறையும். சம்பந்தி வீட்டார் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் மறையாது.

5. டிவி பஞ்சாயத்துப் பக்கம் போகவே வேண்டாம். ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'யை வீட்டுக்கு வீடு பார்த்தோம். நானும் விடாமல் பார்த்தவள்தான். 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நமக்குப் பொழுது போனது. அங்கே அழுதவர்களின் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடம் போயிருப்பார்களே! குடும்ப நீதிமன்றத்திலோ, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, கணவன் மனைவியில் ஒருவர் கேட்டாலே வெளியாட்கள் இல்லாமல் விசாரிக்க வேண்டும். நீதிபதியே கதவைச் சாத்தும் விஷயத்துக்கு நாம் கேமரா தேடிப் போவானேன்?

6. "நேத்து அப்பா ஏன் கத்துனாரு?" என்று யாராவது குழந்தையின் வாயைக் கிளறினால், "அம்மாகிட்டக் கேளுங்க" என்று சொல்லப் பழக்குங்கள். அதோடு, யாராவது அடித்தாலோ தொட்டுத் தொந்தரவு செய்தாலோ ஒளிக்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 அவர்களுக்கு மனப்பாடமாகட்டும்.

7. மேலே சொன்ன எதுவும் அடி உதைக்குப் பொருந்தாது. "குடும்ப மானம் போயிரும் கண்ணு, பொறுத்துக்கோ" என்று சொல்வது பெற்ற தாயே ஆனாலும் கேட்காதீர்கள். மானம் போகிறதென்றால் அடித்தவருக்குத்தான் போக வேண்டும். பெண்கள் உதவி எண் 181. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்ட வழக்கையும், நீங்கள் விரும்பினால், தனி அறையில் விசாரிக்க இடமுண்டு. ஆகவே, புகார் கொடுத்தால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும் என்ற பயம் வேண்டாம்.

8. சமாதானமானதும், யாரிடம் குறை சொன்னீர்களோ அவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் இருவரும் ஒரே வண்டியில் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். அவர் இன்னும் உங்கள் வீட்டுக்காரரை முறைத்துக்கொண்டிருப்பார்.