கழிப்பறை நாற்றத்தின் வேதியியல்

பள்ளிக் கழிப்பறைக்கு வழி கேட்க வேண்டியதில்லை, மூக்கே காட்டிவிடும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அதன் விளைவு வேடிக்கையன்று. நாற்றத்துக்கு அஞ்சிப் பலர், குறிப்பாக மாணவியர், காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். மதுரை வெயிலில் இது தலைவலியும் சோர்வும் தரும். சிறுநீர்ப் பாதையில் கிருமிகள் பெருகவும் இடம் கொடுக்கும். எனவே, இந்த நாற்றம் எவ்வாறு உண்டாகிறது என்று ஆராய்வோம்.

நாற்றம் பிறக்கும் விதம்

உடல்நலமுள்ளவரின் புதிய சிறுநீருக்குக் கடும் நாற்றம் இல்லை. அதில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர். 2 சதவீதம் யூரியா. வயலுக்கு உரமாக இடுகிறோமே, அதே யூரியாதான். அதற்கு மணம் கிடையாது. ஆனால் சிறுநீர் தரையில் தேங்கும்போது, அங்குள்ள சில பாக்டீரியாக்கள் 'யூரியேஸ்' என்ற நொதியை உண்டாக்குகின்றன. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. மூக்கைத் துளைப்பது இந்த அம்மோனியாவே.

அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர் 1926-இல் வாளவரை விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதியும் ஒரு புரதமே என்று காட்டிய அவர், 1946-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் முன்னிலையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் யூரியாக் கரைசல் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில், ஊறவைத்து அரைத்த பச்சைக் கொள்ளைச் சேருங்கள். மற்றதில், நன்றாக வேகவைத்து ஆறிய கொள்ளை அரைத்துச் சேருங்கள். ஒரு மணி நேரம் கழித்து, மஞ்சள் பூசிய தாளை இரண்டிலும் நனையுங்கள். முதல் குவளையில் தாள் சிவக்கும். கொள்ளில் உள்ள யூரியேஸ் அம்மோனியாவை உண்டாக்கிக் கரைசலைக் காரமாக்கியதே காரணம். இரண்டாவதில் தாள் மாறாது. வெப்பம் அந்த நொதியை அழித்துவிட்டது.

தண்ணீர் ஊற்றியும் ஏன் போவதில்லை?

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராகும். வாளியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அம்மோனியாவால் சிறுநீர் காரத்தன்மை அடையும்போது, அதிலுள்ள பாஸ்பேட்டு, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றுடன் சேர்ந்து கல்லாகப் படிகிறது. கடின நீர் இன்னும் கால்சியத்தைக் கொண்டு வருகிறது. நுண்துளைகள் நிறைந்த இப்படிவு, பாக்டீரியாக்களின் குடியிருப்பாகிறது. பினாயில் தெளித்தால் அதன் மணம் நாற்றத்தைச் சற்று நேரம் மறைக்கும். படிவு அப்படியே இருக்கும்.

தீர்வு என்ன?

ஒவ்வொருவரும் பயன்படுத்திய உடனே ஒரு குவளை நீர் ஊற்றினால், யூரியா பிரியுமுன் ஓடிவிடும். இதற்கு வாளியும் குவளையும் நீரும் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். பழைய படிவை மென்மையான அமிலம் கரைக்கும். கையுறை அணிந்த பெரியவரே இதைச் செய்ய வேண்டும். அமிலத்தைப் பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். தரை சரிவாகவும் உலர்ந்தும், சன்னல் திறந்தும் இருப்பது நலம்.

ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதங்களுக்குள் குடிநீரும் கழிப்பறையும் அமைக்க 3-10-2012 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கட்டடம் எழும்பினால் மட்டும் போதாது. அதற்குள் நீர் வர வேண்டும். உங்கள் பள்ளியில் எந்த நேரத்தில் குழாயில் நீர் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.