மனிதவளக் கல்வி: வீட்டிலிருந்தே கற்று ஒரு தொழிலுக்கு ஆயத்தமாதல்



பிள்ளைகளின் மேற்படிப்புப் பற்றி எமது கல்விக் குழு பல தடவை இவ்விதழில் எழுதியுள்ளது. அண்மைக் காலமாகத் தாய்மார் சிலர் எம்மிடம் வேறொரு கேள்வியைக் கேட்கின்றனர். "பிள்ளையளைப் படிப்பிச்சாச்சு. இனி நாங்கள் எதைப் படிக்கலாம்? வேலையை விட்டிட்டுக் கல்லூரிக்குப் போக வசதியில்லை." இக்கேள்விக்குரிய விடைகளுள் ஒன்றாக, மனிதவள முகாமைத்துவம் என்னும் துறையை இணையவழியில் கற்பது பற்றி இங்கு ஆராய்வோம். நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டங்களையும் நடைமுறையையும் வைத்தே இதனை எழுதுகின்றோம். வேறு மாகாணங்களில் விதிகள் மாறுபடும்.

இத்துறை என்பது என்ன?

எம்மவர் பலர் இதனை "ஆட்களை வேலைக்கு எடுக்கிற இடம்" அல்லது "ஆட்களை நிற்பாட்டுகிற இடம்" என்றே அறிவர். இவை இரண்டும் அதன் சிறு பகுதிகளே. தகுந்தவரைத் தெரிந்தெடுத்தல், பயிற்றுதல், சம்பளத்தை நியாயமாக வகுத்தல், காயமின்றி வேலை செய்யும் சூழலை உண்டாக்கல், முறைப்பாடுகளை விசாரித்தல், இவை அனைத்தையும் எழுத்தில் பேணுதல் ஆகிய எல்லாமே மனிதவளப் பிரிவின் கடமைகள். இவ்விடயம் தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆளை ஆராய்ந்து தெளிதலும், அவருக்குப் பொருத்தமான வேலையைக் கொடுத்தலுமே அவற்றின் பொருள்.

இன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் சிக்காகோ நகருக்கு அண்மையில் இருந்த ஹோதோர்ன் தொழிற்சாலையின் கதையைச் சொல்லும். 1924 முதல் 1932 வரை அங்கு பல ஆய்வுகள் நடைபெற்றன. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று பார்ப்பதே தொடக்க நோக்கம். வெளிச்சத்தைக் கூட்டியபோதும் குறைத்தபோதும் உற்பத்தி கூடியதாகச் சொல்லப்பட்டது. தம்மை ஒருவர் கவனிக்கின்றார் என்ற உணர்வே அதற்குக் காரணம் என்று விளக்கம் கூறினர். பிற்கால அறிஞர் அந்த முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கினர். எனினும் தொழிலாளி இயந்திரத்தின் ஓர் உறுப்பல்லர், மனிதர் என்ற எண்ணம் முகாமையாளரிடையே வேரூன்ற அவ்வாய்வுகள் உதவின.

என்னென்ன படிக்க வேண்டும்?

ஒன்ராறியோக் கல்லூரிகள் நெடுங்காலமாகக் கற்பித்து வரும் பாடங்கள் ஒன்பது. அவையாவன:

1. மனிதவள முகாமைத்துவ அறிமுகம்
2. நிறுவனங்களில் மனித நடத்தை
3. நிதியும் கணக்கியலும்
4. ஆட்பலத் திட்டமிடல்
5. ஆட்சேர்ப்பும் தெரிவும்
6. பயிற்சியும் விருத்தியும்
7. சம்பளமும் சலுகைகளும்
8. தொழிற்சங்க உறவுகள்
9. தொழிற்சுகாதாரமும் பாதுகாப்பும்

இவற்றுடன் தொழிற்சட்ட அறிவும் இன்றியமையாதது. ஒன்ராறியோவில் இத்தொழிலாளர்களின் சங்கம் 2013ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் இயங்குகின்றது. சி.எச்.ஆர்.பி., சி.எச்.ஆர்.எல். போன்ற பட்டங்களை வழங்குவது இச்சங்கமே. அவற்றைப் பெறாதவர் தம் பெயருக்குப் பின் அவற்றை இட முடியாது. ஆனால் மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பதற்கு இப்பட்டம் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே பட்டம் கிடைக்கும்வரை காத்திராது, சில பாடங்களை முடித்தவுடனேயே உதவியாளர் வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஓர் அங்கத்தவரின் அனுபவம்

எமது அன்னதான மடத்தில் தொண்டு செய்யும் சகோதரி ஒருவரின் கதையை, அவரது அனுமதியுடன், பெயரைத் தவிர்த்து எழுதுகின்றோம். அவர் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்தவர். 2015ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள், இரண்டு பஸ் மாறிக் காலை 7 மணிக்கு வேலைக்குப் போனார். 8 மணிக்கு மேற்பார்வையாளர் வந்து, "இன்றைக்கு ஓடர் இல்லை, வீட்டுக்குப் போங்கோ" என்றார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு மணித்தியாலச் சம்பளம். அந்தப் பனிக்காலத்தில் அப்படிப் பல நாட்கள். அதுதான் இந்த நாட்டு வழக்கம் என்று எண்ணி அவர் எதுவும் பேசவில்லை.

2019இல் அவர் இணையவழியில் முதற்பாடத்தைத் தொடங்கினார். ஓர் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின், சாப்பாட்டு மேசையிலிருந்து படிக்கும்போது மூன்று மணித்தியால விதியைக் கண்டார். வழமையாக ஒரு நாளில் 3 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரை அழைத்துவிட்டு, அவர் வேலை செய்ய ஆயத்தமாக இருந்தும் நேரத்தோடு திருப்பி அனுப்பினால், குறைந்தது 3 மணித்தியாலத்துக்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். தீ, மின்வெட்டு, புயல் போன்ற, முதலாளியின் கைக்கு மீறிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஓடர் இல்லாமை அவற்றுள் ஒன்றல்ல.

அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்வதற்குரிய காலம் 2 வருடம். அவருக்கு அது கடந்துவிட்டது. "காசு போனது பெரிசில்லை. நான் என்ரை பக்கத்திலை நிண்ட ஆக்களுக்கும் சொல்லாமல் விட்டிட்டனே எண்டதுதான் மனசைச் சுட்டது" என்று அவர் எம்மிடம் கூறினார். அன்றிலிருந்து அந்தப் பாடம் தமக்குப் பரீட்சைக்குரியதாக இருக்கவில்லை என்கிறார்.

ஆகையால், இத்துறையை ஒரு தொழிலாகக் கொள்ளாதவரும் அறிய வேண்டிய சிலவற்றைக் கீழே தருகின்றோம்.

• சில தொழில்களுக்கு விலக்கு உண்டெனினும், பொதுவாகக் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம்.
• தொடர்ந்து 5 மணித்தியாலத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்க முடியாது. அதற்குள் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை வேண்டும்.
• ஒரு வருட வேலைக்கு 2 கிழமை விடுமுறை. 5 வருடம் பூர்த்தியானால் 3 கிழமை.
• ஆபத்தானது என நம்பக் காரணம் இருந்தால் அந்த வேலையை மறுக்கும் உரிமை பெரும்பாலான தொழிலாளருக்கு உண்டு. 20 பேருக்குக் குறையாத இடத்தில் பணியாளரும் நிர்வாகமும் சேர்ந்த பாதுகாப்புக் குழு இருத்தல் வேண்டும்.
• மனித உரிமைச் சட்டம் சமய நம்பிக்கையையும் காக்கின்றது. திருவிழா நாளில் விடுப்பு வேண்டுவோர் முற்கூட்டியே எழுத்தில் கேட்டால், அளவுகடந்த இடர் இல்லாதவிடத்து முதலாளி அதற்கு இடங்கொடுக்க வேண்டும். அந்நாளுக்குச் சம்பளம் உண்டு என்பது இதன் பொருளன்று.

இவற்றின் சுருக்கம் அடங்கிய அரசாங்கப் பிரசுரத்தை, வேலைக்குச் சேர்ந்த 30 நாட்களுக்குள் முதலாளி உங்களிடம் தர வேண்டும். அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். மனிதவளக் கல்வியின் முதற்பாடநூல் அதுவே.

வீட்டிலிருந்து படிக்கும் முறை

மாகாணத்தின் அரச கல்லூரிகள் ஒன்ராறியோ லேர்ன் என்னும் கூட்டமைப்பின் மூலம் பாடங்களை இணையவழியில் நடத்துகின்றன. ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தின் சாங் பாடசாலையிலும், யோர்க் பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவிலும் இத்துறையைக் கற்கலாம். அல்பேர்ட்டாவில் உள்ள அதபஸ்கா பல்கலைக்கழகம் தொலைக்கல்விக்கென்றே பெயர்பெற்றது.

பணம் கட்டுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, அந்தப் பாடத்தைத் தொழிற்சங்கம் ஏற்கின்றதா என்பதைச் சங்கத்திடமே கேளுங்கள். பாடம் விற்பவரிடம் கேட்பது போதாது. இரண்டாவது, தனியார் நிறுவனமாயின் அது மாகாணத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். "ஆறு கிழமையில் உத்தியோகம்" என்று வாக்களிப்பவரைக் கண்டால் விலகி நில்லுங்கள். மூன்றாவது, ஊரிலே பட்டம் பெற்றவர்கள் அதனை மதிப்பீடு செய்வித்து, எந்தப் பாடங்களிலிருந்து விலக்குப் பெறலாம் என்று விசாரியுங்கள். பகுதிநேர மாணவருக்கும் அரச கல்வி உதவி உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

ஒரு தவணைக்கு ஒரு பாடம் போதும். வருடத்துக்கு மூன்று தவணை எனக் கொண்டால் ஒன்பது பாடங்களும் மூன்று வருடத்தில் முடியும். ஒரு பாடத்துக்குக் கிழமையில் ஏழெட்டு மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தை வீட்டில் எல்லோரும் காணக்கூடியதாகக் கலண்டரில் எழுதி வையுங்கள். எமது சகோதரியின் வீட்டில் செவ்வாயும் வியாழனும் இரவுச் சமையல் கணவருடையது. அவர் வைத்த குழம்பைப் பற்றிப் பிள்ளைகள் குறை சொன்னபோதும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

முதல் வேலை

எம்மவரைப் பல காலம் வாசலிலேயே நிறுத்திய கேள்வி, "கனடிய அனுபவம் உண்டா?" என்பதாகும். காரணமின்றி அப்படிக் கட்டாயப்படுத்துவது பாரபட்சமாகலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தமது பகிரங்க விளம்பரங்களில் கனடிய அனுபவத்தைத் தகைமையாகக் கேட்க முடியாது. சம்பள அளவையும், மிக உயர்ந்த பதவிகள் தவிர, விளம்பரத்தில் குறிப்பிட வேண்டும்.

சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே போய் எதைச் சொல்வது என்பது எமது பொறுப்பு. விண்ணப்பத்தில் "கோவிலில் தொண்டு செய்தேன்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "பத்து நாள் விழாவுக்கு 40 தொண்டர்களின் நேர அட்டவணையைத் தயாரித்தேன். புதியவர்களுக்குச் சமையலறைப் பாதுகாப்பைப் பயிற்றினேன்" என்று, உண்மையில் செய்ததைச் செய்தபடி எழுதுங்கள். எமது சகோதரி முதலில் தற்காலிக வேலை முகவர் ஒருவரிடம் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தார். இன்று ஒரு சிறு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கின்றார்.

அந்தக் கதிரையில் இருப்பவர் யாருடைய ஆள்?

இந்தக் கேள்வியைப் பாடநூல் தெளிவாகக் கேட்பதில்லை. அவருக்கு வேலை கிடைத்த சில மாதங்களில் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, அங்கை வேலை செய்யிற எங்கடை ஆளின்ரை பைலிலை என்ன கிடக்கெண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லன்." சகோதரி, "மாமா, அது என்னாலை ஏலாது" என்றார். அந்த மாமா அரை வருடம் அவருடன் கதைக்கவில்லை.

மனிதவள உத்தியோகத்தர் நிறுவனத்தின் சம்பளம் பெறுபவர். அவர் தொழிலாளியின் சட்டத்தரணியும் அல்லர், சொந்தக்காரரின் தூதரும் அல்லர். ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். முதலாளி சட்டத்தை மீற முனைந்தால் அது கூடாது என்று சொல்லவும் கடமைப்பட்டவர். சிறிய சமூகமாக, ஒருவரையொருவர் அறிந்து வாழும் எமக்கு இது கடினமான பாடம். இதற்கு ஆயத்தமில்லாதவர் எத்தனை பரீட்சை சித்தியடைந்தாலும் இத்தொழிலில் நிலைக்க மாட்டார்.

எமது சங்கமும் அவரிடமிருந்து ஒன்றைக் கற்றது. மடத்தில் தொண்டர் இருவருக்கிடையே பிணக்கு ஏற்பட்டபோது, எமக்கு நெடுநாட் பழக்கமானவர் சொன்னதை நம்பி மற்றவரை விலக்க நாம் தீர்மானித்துவிட்டோம். கூட்டத்தின் முடிவில் சகோதரி ஒரேயொரு கேள்வி கேட்டார். "மற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டனீங்களோ?" நாம் கேட்டிருக்கவில்லை. அவரை அழைத்துக் கேட்டபோது பிழை எம்முடையது என்று தெரிந்தது. நேர அட்டவணையில் ஒரே அடுப்பை ஒரே நேரத்தில் இருவருக்கும் எழுதியிருந்தோம்.

இரு பக்கமும் கேட்டல், கேட்டதை எழுதி வைத்தல், எழுதியதை வெளியில் விடாதிருத்தல் ஆகிய மூன்றுமே இக்கல்வியின் சாரம் என்று நாம் கருதுகின்றோம். சட்டத்தைக் கணனியில் படிக்கலாம். இம்மூன்று பழக்கங்களையும் இன்றே, இருக்கும் இடத்திலேயே தொடங்கலாம்.

பயிற்சி

1. நீங்கள் இப்போது செய்யும் வேலையின் கடமைகளை ஐந்து வரிகளில் எழுதுக. அவற்றைச் செய்யத் தேவையான திறமைகளை எதிரே எழுதுக.
2. மடத்துச் சமையலறைக்குப் புதிதாக வரும் தொண்டரிடம் கேட்கத்தக்க மூன்று கேள்விகளைத் தருக. வயது, திருமணம், சொந்த ஊர் பற்றிய கேள்விகள் ஏன் பொருத்தமற்றவை என்பதையும் விளக்குக.
3. உங்கள் கடைசிச் சம்பளத் துண்டை எடுத்து, மணித்தியாலங்களையும் விடுமுறைப் பணத்தையும் நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்குக.

விடைகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அலுவலகத்தில் ஒப்படைத்தால், கல்விக் குழுவினர் பார்த்துத் திருத்தித் தருவர். மூன்றாவது பயிற்சியின் விடையை எம்மிடம் தர வேண்டியதில்லை. கணக்குப் பிழைத்திருந்தால் மட்டும், இரண்டு வருடம் கடக்குமுன் வாருங்கள்.

கல்விக் குழு