மதியிறுக்கமும் ஐம்புலனும்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்தார். தொடுகை, சுவை, மணம், காட்சி, கேள்வி என்னும் ஐந்தின்மேல் மனத்தை ஆறாவதாக வைத்தார். ஐவழியாலும் வருவனவற்றைத் தொகுத்துப் பொருள் காண்பது மனத்தின் தொழில். இத்தொகுப்பு மாந்தர் யாவரிடத்தும் ஒரே வகையாய் நிகழ்வதில்லை என்பது இன்றைய மூளையியலார் துணிபு. ஓட்டிசம் எனவும் மதியிறுக்கம் எனவும் வழங்கும் நிலை இதற்குத் தக்க சான்றாகும். ஆசிரியர் அறியவேண்டியது இஃது என்பதால் ஈண்டு சிறிது ஆராய்வாம்.

1943 இல் அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் 11 சிறாரைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறைக்கு அடிகோலியது. பிறரோடு கலவாமை, மாற்றத்தை விரும்பாமை ஆகியவற்றோடு, பேரோசைக்கு அச்சிறார் அஞ்சியதையும் அவர் குறித்தார். பின்வந்தோர் சிலர் தாயின் அன்பின்மையே காரணம் என்று பழி சுமத்தினர். அக்கொள்கை பிழையென்று பின்னர்த் தெளியப்பட்டது. புலவுணர்ச்சி மிகுதலும் குறைதலும் 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் இந்நிலையின் அடையாளங்களுள் சேர்க்கப்பட்டன.

மூளையில் நிகழ்வது யாது? நம் வன்னியார்க்குக் குளத்தைக் கொண்டு கூறின் எளிதில் விளங்கும். இரணைமடு நீர் துருசு வழியே இறங்கி, வாய்க்கால்களாற் பிரிந்து வயல்களை அடைகின்றது. ஒரு வாய்க்கால் ஒடுங்கினால் ஒரு வயல் வாடும். மற்றொன்றில் நீர் மிகுந்தால் வேறொரு வயல் அழுகும். மூளையின் பகுதிகளும் நரம்பிழைகளால் இவ்வாறே பிணைக்கப்பட்டுள்ளன. மதியிறுக்கமுடைய வளர்ந்தோர் வாக்கியங்களை வாசிக்கும்போது மூளைப் பகுதிகளின் ஒத்தியக்கம் குறைந்திருத்தலைக் கார்னகி மெலன் பல்கலைக்கழக அறிஞர் 2004 இல் வெளியிட்டனர். 2013 இலோ, 7 முதல் 13 வயதுச் சிறாரிடத்துப் பிணைப்பு மிகுந்திருத்தலை ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் கண்டனர். ஆகவே, பிணைப்புக் குறைவு என்று ஒரு சொல்லால் முடித்தல் பொருந்தாது. வயதுக்கும் ஆளுக்கும் ஏற்ப அது வேறுபடும்.

இதன் பயனை வகுப்பறையிற் காணலாம். தகரக் கூரையில் மழை பொழியும்போது நாம் சற்று நேரத்தில் அவ்வோசையை மறந்துவிடுகின்றோம். மூளை அதற்குப் பழகிவிடுகின்றது. மதியிறுக்கமுடைய பிள்ளைகள் பலர்க்கு இப்பழக்கம் எளிதில் வாய்ப்பதில்லை. மணியோசையும் கோயில் ஒலிபெருக்கியும் முதற்கணத்திற் போலவே தாக்கிக்கொண்டிருக்கும். வேறு சில பிள்ளைகள் காலில் முள் தைத்தாலும் உணரார். ஒரு பிள்ளையிடத்தே இவ்விரண்டும் காணப்படுதலும் உண்டு.

ஓசைக்கு அஞ்சும் பிள்ளையைக் கண்டதும் போரச்சம் என்று முடிவு கட்டுவோர் நம் பகுதியில் உளர். 2009 இல் முடிந்த போர் விட்டுச்சென்ற அதிர்ச்சி மெய்யே. அதற்கும் தக்க உதவி வேண்டும். ஆயின், இன்று கீழ்வகுப்புகளிற் பயில்வோர் அதன்பின் பிறந்தோர். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் ஈரிடத்தும் உதவி தவறும். நம் நாட்டிற் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா முதலியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் ஆராய்ந்த ஊரில் 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இந்நிலை இருந்ததைக் காட்டிற்று. எனவே இஃது அரிதன்று.

ஆசிரியர் செய்யத்தக்கவை சில. ஐயம் தோன்றின் பெற்றோருடன் பேசி மருத்துவரிடம் அனுப்புக. பிள்ளையை மணிக்கு அண்மையில் இருத்தற்க. மணியடிக்குமுன் அவனுக்கு உணர்த்துக. ஒரு வேளையில் ஓர் ஏவலே இடுக. முகத்தைப் பார்த்து மறுமொழி கூறென வற்புறுத்தற்க. பார்த்தலும் கேட்டலும் ஒருங்கே நிகழ்தல் அவனுக்கு இருமடங்கு உழைப்பாகும். காதைப் பொத்துதல் கீழ்ப்படியாமை அன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியே. அதற்குத் தண்டம் விதித்தல் அறமாகாது.

பாடசாலைக்கு ஒலிபெருக்கி வழங்கும் பழைய மாணவர் பலர். அதனோடு ஓசையடங்கிய சிற்றறை ஒன்றும் அமைத்து உதவுவாராயின், வகுப்பைவிட்டு ஓடும் பிள்ளை மீண்டும் வகுப்புக்குத் திரும்ப வழி பிறக்கும். இவ்விழா ஆண்டில் அதனினும் சிறந்த கொடை வேறில்லை என்பது எம் கருத்து.