சமையற்கூடத்துக் கத்தி – ஒரு வேதியியல் பார்வை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் கூடத்தில் பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சின்ன வெங்காயம் மூட்டையாக வந்து இறங்குகிறது. அதை உரித்து நறுக்கும் கைகளுக்குத் துணை ஓர் அரிவாள்மணையும் சில கத்திகளுமே. கிரைண்டர் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் உரிமையாளர், கத்தியை மட்டும் பளபளப்பைப் பார்த்தே வாங்கிவிடுகிறார். இப்போது மரக்கட்டையில் செருகிய ஆறேழு கத்திகள் ஒரே தொகுப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. அத்தகைய தொகுப்பு நம் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் ஏற்றதா? கத்தியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பேணுவது? இவற்றை வேதியியல் வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொங்கு நாடும் எஃகும்

எஃகு நமக்குப் புதியதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு நடத்தினர். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அங்கே வெளிப்பட்டன. தென்னிந்திய எஃகு ‘ஊட்ஸ்’ என்னும் பெயரில் ஐரோப்பா வரை புகழ்பெற்றது. அதனை ஆராய்ந்தவர்களுள் மைக்கேல் பாரடேயும் ஒருவர். ஒரு கொல்லரின் மகனான அவர், ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழில் வல்லுநருடன் சேர்ந்து, எஃகில் பிற உலோகங்களைக் கலந்து செய்த ஆய்வுகளை 1820இலும் 1822இலும் வெளியிட்டார். அவ்வுலோகங்களுள் குரோமியமும் ஒன்று. துருப்பிடிக்காத எஃகு தொழில்முறையில் பயனுக்கு வர, ஷெபீல்டு நகரில் பிரியர்லி 1913இல் செய்த சோதனை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எவர்சில்வரும் கத்தியும் ஒன்றல்ல

எஃகில் ஏறக்குறைய 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. துருவைத் தடுப்பது இப்படலமே. நாம் உண்ணும் எவர்சில்வர் தட்டின் சிறந்த வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. அதில் கரி மிகக் குறைவு. ஆதலால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினப்படாது, கூர்முனை நிற்காது.

கத்திக்குரிய எஃகிலோ குரோமியம் 13 முதல் 15 விழுக்காடும், கரி அரை விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். காய்ச்சித் தோய்த்தால் கடினப்படுவது இக்கரியினால்தான். ஆனால் அதே கரி, குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. எனவே நல்ல கத்தி, தட்டைவிட எளிதில் கறைபடும். கவனியாவிட்டால் துருவும் ஏறும். கூர்மை வேண்டுமானால் பராமரிப்பும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கையில் கொண்டு செல்லலாம். காந்தம் ஒட்டாத அலகு, தட்டு எஃகில் செய்யப்பட்டது, அதைத் தள்ளிவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவு செய்யவும் கூடாது. கடினப்படாத எஃகு வகைகளிலும் காந்தம் ஒட்டுவதுண்டு.

சாதாரண இரும்புக் கத்தியும் நன்கு கூர்மை ஏற்கும். ஆயினும் வாழைக்காய், வாழைப்பூ நறுக்கினால் காய் கறுத்துவிடும். காயிலுள்ள டானின் இரும்புடன் சேர்ந்து கருநிறச் சேர்மம் ஆகிறது. பழங்காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே வினையால்தான். ஆய்வகத்தில் பீனாலுக்குப் பெரிக் குளோரைடு சோதனை செய்யும் நமக்கு இது புதிதன்று.

மரக்கட்டை வேண்டுமா?

வீட்டுக்கு அழகாக இருக்கலாம். இட்லிக் கொப்பரையின் ஆவி நாள் முழுதும் சூழும் கூடத்திற்கு அது ஒவ்வாது. துளைகளின் உட்புறம் இருட்டு, ஈரம் தங்கும், கையோ தூரிகையோ உள்ளே செல்லாது. பூஞ்சையும் நுண்ணுயிரும் வளர இதைவிட ஏற்ற இடம் ஏது? உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த உரிம விதிகளும், உணவைத் தொடும் கருவிகள் துருப்பிடிக்காதனவாயும் எளிதில் கழுவத்தக்கனவாயும் இருக்க வேண்டும் என்கின்றன. சுவரில் பொருத்தும் காந்தப் பட்டையோ, கழற்றிக் கழுவக்கூடிய எஃகுத் தாங்கியோ சிறந்தது.

தொகுப்பிலுள்ள எல்லாக் கத்திகளும் நமக்குப் பயன்படுவதில்லை. எட்டங்குலக் கத்தி, சிறு கத்தி, இறைச்சிக்குத் தனியே ஒரு வெட்டுக்கத்தி ஆகியவற்றைத் தேவையான எண்ணிக்கையில் வாங்குவதே சிக்கனம். பிடியும் அலகும் சேருமிடத்தில் இடுக்கு இருக்கக் கூடாது. பள்ளிபாளையம் சிக்கனுக்குக் கோழி வெட்டிய கத்தியாலேயே சட்னித் தேங்காயையும் கீறினால், கோழியிலுள்ள சால்மொனெல்லா சட்னிக்குப் போகும், சட்னி அடுப்பேறுவதில்லை. பல நாட்டு உணவகங்களில் பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை எனப் பிடியின் நிறத்தால் பிரித்து வைக்கிறார்கள். நாமும் பின்பற்றத்தக்க முறை இது.

பேணும் முறை

1. புளி, எலுமிச்சை, உப்பு பட்ட கத்தியை உடனே கழுவித் துடைக்க வேண்டும். குளோரைடு அயனிகள் காப்புப் படலத்தைத் துளைக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீரில் ஊறவிடலாகாது.

2. பாத்திரக் குவியலோடு தொட்டியில் போடக் கூடாது. அலகு மழுங்கும், கழுவுபவர் கையும் அறுபடும்.

3. கருங்கல் மேடையிலோ எவர்சில்வர்த் தட்டிலோ வைத்து நறுக்கக் கூடாது. மரம் அல்லது பிளாஸ்டிக் பலகையே ஏற்றது.

4. நீர்விட்ட தீட்டுக்கல்லில், ஒரு பக்கத்திற்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில் தீட்டலாம். வேகமாகச் சுழலும் சாணையில் உலர்ந்தபடியே அழுத்திப் பிடித்தால் முனை சூடேறும். மிகுதியாகச் சூடேறினால் நீலநிறம் தோன்றும். நீலம் கண்ட முனை பதம் இழந்த முனை. கூர்மை நெடுநாள் நில்லாது. சாணை பிடிப்பவரிடம் இடையிடையே நீரில் தோய்க்கச் சொல்வது நன்று.

முடிவுரை

மழுங்கிய கத்தி ஆபத்தற்றது என எண்ணுவது தவறு. மழுங்கல் கூடக் கூட அழுத்தம் கூட வேண்டும். அழுத்தம் கூடினால் கத்தி வழுக்கும். வழுக்கினால் விரலில் பாயும். நாட்கூலிக்கு வெங்காயம் நறுக்கும் பெண்ணுக்கு விரல் அறுந்தால் அன்றைய வேலை மட்டுமன்று, ஒரு வாரக் கூலியும் போய்விடும். ஆகவே தொகுப்பின் அழகுக்குச் செலவிடும் பணத்தில் நல்ல எஃகில் சில கத்திகளும், ஒரு தீட்டுக்கல்லும், துடைக்க உலர்ந்த துணியும் வாங்குவதே உணவக உரிமையாளர்க்கு அறிவுடைமை. பாடநூலில் நாம் படிக்கும் ஆக்சைடுப் படலம், அடுக்களையில் உழைப்பவர் கையைக் காக்கவும் பயன்படட்டும்.