நீ பார்த்ததை நாங்கள் பார்க்கவில்லை

அன்புள்ள கதிருக்கு,

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) வேலைக்கு நீ தேர்வாகிவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். ரத்தத்தைப் பார்த்தால் பையன் தாங்குவானா என்று அவளுக்குக் கவலை. அது பழகிவிடும். என் கவலை வேறு. மார்பை அழுத்தி இதயத்தை இயக்குவதையும், மூச்சுக்குழாய்க்கு வழி செய்வதையும் பயிற்சியில் பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். கேட்பதற்கும் சொல்வதற்கும் எழுதுவதற்கும் பொம்மை கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று உங்கள் வண்டிகளை எதிர்கொள்ளும் நர்ஸ் நான். உங்களிடமிருந்து எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எங்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அதற்கு முன் அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஆட்டோவிலும் வாடகைக் காரிலும்தான் வந்து சேர்வார்கள். கொண்டுவந்தவர் வாசலில் இறக்கிவிட்டு, போலீசுக்குப் பயந்து, பெயர்கூடச் சொல்லாமல் போய்விடுவார். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்க ஆளே இருக்காது. இன்று நீ இருக்கிறாய். வண்டியின் முன்கண்ணாடி உள்ளிருந்து விரிசல் விட்டிருந்ததா, படுக்கைக்கு அடியில் காலி மாத்திரை அட்டை கிடந்ததா, எத்தனை அடி உயரத்திலிருந்து விழுந்தார் என்பதெல்லாம் உனக்கு மட்டும் தெரியும். நீங்கள் கிளம்பிய கால் மணி நேரத்தில் ரோட்டை ஒதுக்கி, ரத்தத்தின் மேல் மண்ணைப் போட்டுவிடுவார்கள். டாக்டர் அந்த இடத்தைப் பார்க்கப் போவதே இல்லை. அவருக்குக் கிடைப்பது உன் வாயும் உன் படிவமும்தான்.

நீ கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது நேரம். ஒரு பெரியவருக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. எப்போதிருந்து என்று கேட்கிறாய். "காலையில ஆறு மணிக்குங்க" என்கிறார் மகன். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதே. ஆறு மணிக்குக் கண்ணெதிரே விழுந்தாரா, எழுப்பப் போனபோது அப்படிக் கிடந்தாரா? கிடந்தார் என்றால் ஆறு மணி என்பது கண்டுபிடித்த நேரம். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார் எப்போது பார்த்தார்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். இரவு பத்துக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் என்றால் கணக்கு பத்திலிருந்தே தொடங்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிந்தினால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். அப்படியானால் அவருக்கு அந்த ஊசி இல்லையா? அவசரப்படாதே. மூலையில் உட்கார்ந்து அழும் அவர் மனைவியை அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் ஆண்கள்தான் முன்னால் வந்து பதில் சொல்வார்கள். அந்த அம்மாள் சொல்வார்: "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பாத்ரூம் போனாரே, தண்ணி கேட்டாரே, நல்லாத்தான் பேசினாரு." கணக்கு ஐந்துக்கு நகர்ந்துவிட்டது. ஒன்பதரைக்குள் ஊசி போட முடிகிறபடி அவர் எங்களிடம் வந்து, ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்றும் தெரிந்தால், அந்தக் கைக்கு வழி உண்டு.

சாலை விபத்திலும் நேரம் முக்கியம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தைக் கணக்கில் கொள்வது. மோதல் நடந்த நேரமும் அழைப்பு வந்த நேரமும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே எழுது.

விஷம் என்றால் இன்னும் கறாராகக் கேட்க வேண்டும். 'எலி மருந்து' என்று மட்டும் எழுதிக்கொண்டு வருபவர்கள் மீது எனக்கு வரும் கோபத்தை நீ பார்த்ததில்லை. பேஸ்ட்டா, கேக்கா, பவுடரா? பேஸ்ட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால் முதல் நாள் ஆள் தெளிவாக இருப்பார், வீட்டுக்கு விடுங்கள் என்பார். சில நாட்களில் கல்லீரல் கைவிட்டுவிடும். கேக் வகை பெரும்பாலும் ரத்தம் உறைவதைக் கெடுப்பது. பவுடரில் துத்தநாக பாஸ்பைடு இருந்தால் வயிற்றுக்குள் பாஸ்பீன் வாயு கிளம்பும். வாந்தியிலும் அது வெளிவரும் என்பதால் வண்டியின் ஜன்னலைத் திறந்து வை. பூச்சி மருந்து என்றால் டப்பாவைப் பையில் கட்டி எடுத்து வா, முடியாவிட்டால் லேபிளைப் படம் எடு. டப்பாவில் உள்ள நச்சு அடையாளத்தின் நிறம் எவ்வளவு கொடியது என்று சொல்லும், என்ன மருந்து என்று சொல்லாது. டாக்டருக்கு வேண்டியது பெயர். அட்ரோபின் போட்டிருந்தால், போடுவதற்கு முன் கண்மணி எவ்வளவு சுருங்கியிருந்தது என்பதையும் சொல். ஊசிக்குப் பின் அதைப் பார்க்க எங்களுக்கு வழியில்லை.

இப்படிப்பட்ட வீடுகளில் பொய் சொல்வார்கள். "தலைவலி மாத்திரைன்னு நெனச்சுத் தெரியாம முழுங்கிட்டா" என்பார்கள். வழக்குப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவு இடம்பெறவில்லை. மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும், அது நடைமுறை. இதையெல்லாம் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தாயையோ தங்கையையோ இரண்டடி தள்ளி அழைத்துப்போய், "பாப்பாவக் காப்பாத்தணும்னா உண்மை தெரியணும்மா" என்று கேள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுது. திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உனக்கு வேலை வந்தால் அடிபட்டவர் ஒடியாவோ வங்காளமோ பேசுவார், மேஸ்திரி மொழிபெயர்ப்பார். அவருக்கும் அந்த விபத்தில் ஒரு பங்கு இருக்கலாம் அல்லவா? 'மெஷினில் கை சிக்கியது' என்று நீ எழுதினால் அது நீ பார்த்ததாகிவிடும். 'மெஷினில் கை சிக்கியதாக உடன் வந்த மேஸ்திரி சொன்னார்' என்றால் சரி. சாலையில் உதவிக்கு ஓடிவந்தவர் தன் பெயரைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. அவர் சொன்னதை, 'அருகிலிருந்தவர் சொன்னது' என்று எழுதினால் போதும்.

தீக்காயத்தோடு ஒரு பெண் வரும் நாள் உனக்கும் வரும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். வீட்டு வாசலில் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்பாள். பாதி வழியில், உடன் வந்தவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, தாழ்ந்த குரலில் வேறொன்று சொல்வாள். இரண்டையும் அவள் சொன்ன சொல்லிலேயே எழுது. எத்தனை மணிக்குச் சொன்னாள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், நினைவு எப்படி இருந்தது என்பதையும் எழுது. எது உண்மை என்று தீர்மானிப்பது உன் வேலையில்லை. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள். "புருஷன் ஊத்தினானா?" என்று கேட்டால் வரும் பதில் அவளுடையதாக இருக்காது, உன்னுடையதாகிவிடும். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால்தான் மரண வாக்குமூலம் என்று பலர் நினைக்கிறார்கள். இறந்தவர் தன் சாவுக்கான காரணத்தைப் பற்றி யாரிடம் சொல்லியிருந்தாலும் அதை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியும். பழைய சாட்சியச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு அப்படித்தான் இருந்தது, இப்போதைய சட்டத்தில் அது 26-ஆவது பிரிவு. மாஜிஸ்திரேட் வரும்வரை அவளுக்குப் பேச்சு இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உன் நாலு வரிக்கு எடை அதிகம். தலைமுடியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் 'தலைமுடியில் மண்ணெண்ணெய் வாடை' என்று எழுது. 'தீ வைத்துக்கொண்டார்' என்று எழுத நீ அங்கே நின்று பார்க்கவில்லை.

குடித்தவர் விஷயத்திலும் இதே கட்டுப்பாடு வேண்டும். 'குடிபோதை' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்து வருபவர்கள் எல்லாரும் அந்த மனிதரை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். நாங்களும் விதிவிலக்கு இல்லை. மூக்குக்கு எட்டியது மது வாடை, காதுக்கு எட்டியது குழறல் பேச்சு. அவ்வளவுதான் உனக்குத் தெரியும். ரத்தச் சர்க்கரை 38-க்கு இறங்கினாலும் பேச்சு குழறும், மண்டைக்குள் ரத்தம் கட்டினாலும் குழறும். சர்க்கரையைப் பார்த்து, எண்ணை எழுது.

'மயக்கம்' என்று எழுதுவதையும் விட்டுவிடு. தலை சுற்றினாலும் மயக்கம், குமட்டினாலும் மயக்கம், பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாலும் மயக்கம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். உனக்கு ஜி.சி.எஸ். சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட, நினைவு நிலையை அளக்கும் அளவுகோல் அது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. கூட்டுத்தொகையை மட்டும் சொல்லாமல் மூன்றையும் பிரித்துச் சொல். ஒரே 9 பல விதமாக வரும், எல்லாம் ஒன்றல்ல. இருமுறையாவது பார். நீ ஏற்றும்போது 13, எங்கள் வாசலில் 9 என்றால், அந்த நாலு புள்ளிகள்தான் அந்த இரவின் பெரிய செய்தி. நாங்கள் பார்ப்பது 9-ஐ மட்டும்தான். 13-ஐப் பார்த்தவன் நீ.

வாசலில் எப்படிச் சொல்வது? முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன காயம், பிறகு எண்கள், கடைசியில் நீ என்ன செய்தாய். இப்படி: "ஆண், முப்பது வயசு இருக்கும். 9.40-க்கு பைக், நின்ற லாரிக்குப் பின்னால மோதல், ஹெல்மெட் இல்ல. இடது நெற்றியில காயம், முன்கை முறிவு சந்தேகம். 9.55-க்கு கண் 3, பேச்சு 4, அசைவு 6. 10.20-க்கு கண் 2, பேச்சு 2, அசைவு 5. இடது கண்மணி விரிஞ்சிருக்கு. பி.பி. 160/90, பல்ஸ் 58. கழுத்துப் பட்டை, ஆக்சிஜன், ஒரு ஐ.வி. லைன். உறவினர் வரல, ஒவ்வாமை தெரியல." அரை நிமிடம் ஆகாது. இதைக் கேட்ட டாக்டர் சி.டி. அறைக்கும் மூளை அறுவைப் பிரிவுக்கும் போனை எடுத்துவிடுவார். "ஆக்சிடெண்ட் கேஸ் சார், ஹெட் இஞ்சுரி" என்று சொன்னால் உயிராபத்து உள்ளவர்களுக்கான சிவப்புப் பகுதிக்குத் தள்ளி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவோம். இதயம் நின்றவர், ரத்தம் பீறிடுபவர் தவிர மற்றவர்களை ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிடு. மாற்றத் தொடங்கினால் எல்லாரின் கையும் கண்ணும் அதில் போய்விடும், உன் பேச்சு யார் காதிலும் விழாது.

வழியில் கால் சென்டர் டாக்டரிடம் போனில் மருந்து கேட்பாய். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே ஊசியை எடு. சைரனுக்கு நடுவே ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும். ஒன்று-ஐந்து, ஐந்து-பூஜ்யம் என்று எண் எண்ணாகச் சொல்.

உறவினரிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதே. பொய்யாகிப்போனால் அந்தக் கோபம் எங்கள் பிரிவில்தான் வந்து வெடிக்கும். எங்கே கொண்டுபோகிறோம், இப்போது என்ன செய்கிறோம் என்பதைச் சொல், அது போதும்.

படிவத்தை எழுதப் பெரிய தமிழோ பெரிய ஆங்கிலமோ வேண்டாம். ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுது. செல்போன் ஒரு நேரமும் மானிட்டர் ஒரு நேரமும் காட்டினால் எது உன் கணக்கு என்று முதலிலேயே முடிவு செய்துகொள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, சுருக்கொப்பமும் நேரமும் இடு. சுரண்டுவதும் வெள்ளை பூசுவதும் எதையோ மறைத்ததாகத்தான் தெரியும். பிறகு நினைவுக்கு வந்ததைப் பிறகு எழுதியதாகவே குறி. பார்க்காத பி.பி.யை ஒருபோதும் எழுதாதே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 120/80, 120/80 என்று வரிசையாக இருக்கும் படிவத்தை வக்கீல் மட்டுமல்ல, ஒரு நர்ஸிங் மாணவிகூட நம்பமாட்டாள். எடுக்க முடியவில்லை என்றால் 'எடுக்க முடியவில்லை, நோயாளி கையை உதறினார்' என்று எழுது. வழக்கு சில ஆண்டுகள் கழித்து வரும். சம்மன் வரும்போது உனக்கு அந்த முகமே நினைவிருக்காது.

போட்டோ விஷயம் ஒன்று. லேபிளைப் படம் எடுக்கச் சொன்னேன், ஆளை எடுக்கச் சொல்லவில்லை. நண்பர்கள் குரூப்பில் ஒரு படமும் போகக்கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும்.

கடைசியாக, நோயாளியை ஒப்படைத்த நேரத்தைப் போட்டு எங்களிடம் கையெழுத்து வாங்காமல் வண்டியை எடுக்காதே. கூட்ட நேரத்தில் எங்களில் யாராவது, நான் உட்பட, "சரி சரி, வச்சிட்டுப் போ" என்று கையை அசைத்துத் துரத்துவோம். நகராதே. "சிஸ்டர், அரை நிமிஷம் கேளுங்க" என்று சத்தமாகவே சொல்.

அன்புடன்,
உன் சித்தி